தீக்காயம் எரியும்போது எதைத் தடவலாம், எப்போது தடவலாம்

குக்கர் ஆவி அடித்து என் இடது முன்கை வெந்துபோன அன்று, நான் குழாயடிக்குப் போவதற்குள் பாட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டார். "அள்ளிப் பூசுடி, குளுகுளுன்னு இருக்கும்" என்றார். பூசினேன். குளுகுளுவென்றுதான் இருந்தது, ஒரு ஐந்து நிமிஷத்துக்கு. அப்புறம் மாவு காய ஆரம்பித்ததும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்பைவிட எரிந்தது. அன்று மாலை கிளினிக்கில் அந்தக் காய்ந்த மாவை ஊறவைத்து ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார்களே, அந்த வலிக்கு முன்னால் குக்கர் ஆவி ஒன்றுமே இல்லை.

பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. வலிக்கிறது என்று ஒருவர் துடிக்கும்போது கையில் கிடைத்த குளிர்ச்சியான பொருளை எடுத்து வைக்கத்தான் மனசு சொல்லும். ஆனால் தீக்காயத்தில் எதை வைக்கிறோம் என்பதைவிட எப்போது வைக்கிறோம் என்பது முக்கியம். கற்றாழை, தேன், வாழை இலை, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் எதுவுமே முதல் அரை மணி நேரத்துக்குள் வராது.

முதல் வலி மருந்து தண்ணீர்

காயம் பட்ட இடத்தின் மேல் 20 நிமிஷம் ஓடும் தண்ணீர். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம், ஏனென்றால் வலியில் இரண்டு நிமிஷமே இருபது மாதிரி தெரியும், எல்லாரும் பாதியில் கையை எடுத்துவிடுவார்கள். அடுப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு அடுத்தடுத்த அடுக்குகளை வேகவைத்துக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் அந்தச் சூட்டை வெளியே இழுக்கிறது. அதனால் வலியும் குறையும், காயம் ஆழமாகப் போவதும் குறையும். உடனே செய்ய முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு, எனவே "நேரமாகிவிட்டது, இனி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும். அதை வெந்த கையில் பிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் திறந்துவிட்டும் ஆறவில்லை என்றால், வீட்டுக்குள் நிழலில் பிடித்து வைத்த தண்ணீர், கேன் தண்ணீர், மண்பானைத் தண்ணீர், எது சுத்தமாகவும் சூடில்லாமலும் இருக்கிறதோ அதை ஒரு சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு ரத்தம் போகாமல் காயம் இன்னும் ஆழமாகும். குழந்தையாக இருந்தால் காயத்தை மட்டும் நனையுங்கள், மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வையுங்கள், பெரிய காயம் பட்ட குழந்தைக்கு உடம்பு சட்டென்று குளிர்ந்துபோகும்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கொதிக்கிற எண்ணெயோ ரசமோ கொட்டிய துணியை உடனே எடுத்துவிட வேண்டும், துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிப்போயிருந்தால் இழுக்கக் கூடாது, ஒட்டிய இடத்தை விட்டுச் சுற்றிலும் கத்தரித்துக்கொள்ளுங்கள்.

வலிக்காத காயம்தான் மோசமான காயம்

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். மேல்தோல் மட்டும் சிவந்து, கொப்புளம் இல்லாமல் எரிந்தால் அது லேசான காயம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். கொப்புளம் வந்து, கீழே இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்து, காற்றுப் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது அடுத்த நிலை, இரண்டு வாரம் போல ஆகும். அதற்கும் கீழே போனால் தோல் வெளிறிப்போய் அல்லது திட்டுத் திட்டாக, சில சமயம் மெழுகு மாதிரி, தோல் செருப்பு மாதிரி, கருகியும் இருக்கும். அங்கே தொட்டால் வலிக்காது, ஏனென்றால் வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு நுனிகளே வெந்துபோய்விட்டன. "வலி இல்லையாம், பரவாயில்லை" என்று வீட்டிலேயே வைத்துக் கற்றாழை தடவி நாலு நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு போவது இந்தக் காயத்தைத்தான். அதற்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டும் தோல் ஒட்டு வைக்க வேண்டிவரலாம்.

காயம் பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். இந்த அளவை வைத்துக்கொண்டு பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து உள்ளங்கை, குழந்தைக்கு அதன் உள்ளங்கையில் ஐந்து, இந்த அளவுக்குக் காயம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால், கையையோ காலையோ வளையம் மாதிரி சுற்றிலும் வெந்திருந்தால், கரண்ட் அடித்திருந்தால், ஆசிட் பட்டிருந்தால், புகையை இழுத்திருந்தால், கைக்குழந்தை, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் அளவு பார்க்காமல் போய்விடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு பல பேருக்குத் தெரிந்த இடம், மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் சின்னக் காயத்துக்கும் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

இனி நான் சொல்வதெல்லாம் சின்னக் காயங்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கும்தான்.

மூடினால் வலி பாதி குறையும்

கொப்புளம் உடைந்த இடத்தில் நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன, ஃபேன் காற்று அதன் மேல் படுவதே வலி. அதனால் 20 நிமிஷம் தண்ணீர் ஆனதும் மூடுங்கள். சமையலறையில் சாப்பாட்டைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால், முதல் சுற்றைக் கழித்துப்போட்டுவிட்டு, ஒரு நீளத் துண்டைக் காயத்தின் மேல் போர்த்துங்கள். சுற்றிக் கட்டக் கூடாது, வீங்கினால் இறுக்கிவிடும். அது இல்லையென்றால் துவைத்துக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு. பஞ்சு வைக்காதீர்கள், நார் நாராக ஒட்டிக்கொள்ளும். கையோ காலோ என்றால் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், விண் விண் என்று தெறிப்பது நன்றாகவே குறையும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், அந்தத் தோல்தான் இயற்கையாகக் கிடைத்த கட்டு.

மாத்திரையையும் தள்ளிப்போடாதீர்கள். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குறைவாக. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 150. சிரப்பில் 5 மில்லியில் 125 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு, பாட்டிலைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். "மூலிகை போட்டிருக்கிறோம், மாத்திரை எதற்கு" என்று குழந்தையை அழவிட்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லாத கஷ்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

கற்றாழையை எப்படி எடுப்பது

வீட்டு மூலிகைகளில் ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது கற்றாழைக்கு. 2007-ல் தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்திருந்த 4 ஆய்வுகளை, மொத்தம் 371 பேர், ஒன்றாக வைத்துப் பார்த்ததில், கற்றாழை போட்டவர்களுக்குக் காயம் சராசரியாக 9 நாள் போல முன்னதாக ஆறியிருந்தது. 2013-ல் பாகிஸ்தானில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடும் வெள்ளை சில்வர் சல்ஃபாடயசின் க்ரீமோடு ஒப்பிட்டபோது வலியும் சீக்கிரம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகளில் போடுவது சுத்தப்படுத்தித் தயாரித்த கற்றாழை. நம் தொட்டிச் செடியை ஒடித்து அப்படியே தேய்ப்பது அதற்குச் சமம் ஆகாது.

எனவே வீட்டுக் கற்றாழையைத் தோல் உடையாத, சிவந்து எரிகிற காயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பைக் சைலன்சரில் லேசாகப் பட்டது, தோசைக்கல் விளிம்பில் பட்டது, வெயிலில் வெந்தது, இந்த மாதிரி. செடியின் வெளிப்பக்கத்தில் உள்ள தடிப்பான முற்றிய மடலை அடியோடு வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் பத்துப் பதினைந்து நிமிஷம் நிறுத்துங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும், அதுதான் தோலை அரிக்கவைப்பது, கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் பல பேர் இந்தப் பாலோடு தடவியவர்கள். அப்புறம் மடலைக் கழுவி, முள்ளைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றை மஞ்சள் நிறம் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். கையையும் கத்தியையும் முன்னமே சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். முதலில் நல்ல தோலில் கொஞ்சம் தடவி அரை மணி பாருங்கள். அரிக்கவில்லை என்றால் காயத்தில் மெல்லிசாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுப்பது நல்லது. கடையில் வாங்கும் பச்சை நிற ஜெல்லில் வாசனையும் ஆல்கஹாலும் சேர்த்திருந்தால் எரிச்சல்தான் கூடும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

தேன்

தேன் போட்டால் கொப்புளம் உடைந்த அளவிலான காயங்கள் சில வழக்கமான கட்டுகளைவிட 4, 5 நாள் முன்னதாக ஆறுகின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு ஆய்வு சொல்கிறது. இதற்கு அடிப்படையாக இருந்த பல ஆய்வுகள் இந்தியாவில் நடந்தவை, மகாராஷ்டிராவில் சுப்ரமண்யம் என்ற அறுவை மருத்துவர் 1991-லேயே 104 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேனையும் சில்வர் க்ரீமையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். சரி, அப்படியென்றால் அலமாரியில் இருக்கும் தேனை ஊற்றலாமா? திறந்த காயத்தில் வேண்டாம். காயத்துக்கென்று விற்கும் தேன் கதிர்வீச்சில் கிருமி நீக்கியது. சாதாரணத் தேனில் கிருமி விதைகள் இருக்கலாம், கலப்படமும் இருக்கலாம். அந்த மருத்துவத் தேன் தடவிய காஸ் துணி பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கும், டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். இன்னொன்று, தேன் புளிப்புத்தன்மை உள்ளது, போட்டதும் சிலருக்குச் சுருக்கென்று எரியும். போகப்போகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் கழுவிவிடுங்கள், ஆய்வில் நல்லது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

வாழை இலை

தீப்பட்டவரை வாழை இலையில் படுக்கவைப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம், இதில் நம் முன்னோர்கள் கண்டது சரியான விஷயம். இலையின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சினால் அது காயத்தில் ஒட்டாது. கட்டுப் பிரிக்கும்போது வருகிற வலியில் பெரும்பங்கு ஒட்டிய துணியைப் பிய்ப்பதால் வருவதுதானே. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே குழுவினர் வாழை இலையைக் கட்டாகத் தயார் செய்து, தோல் ஒட்டுக்காகத் தோல் எடுத்த இடங்களில் வாசலின் காஸ் துணியோடு ஒப்பிட்டு 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள், இலைக் கட்டில் வலி குறைவாகவும் எடுப்பது சுலபமாகவும் இருந்தது. அதே மும்பையில் அதற்கும் முன்னால், 1985-ல், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்! விலை உயர்ந்த கட்டுத் துணிகள் வாங்க முடியாத நோயாளிகளுக்காக யோசித்த வேலை இது, படிக்கும்போது எனக்கு மனசு நெகிழ்ந்தது.

ஆனால் அங்கே இலையை ஆட்டோகிளேவில், அழுத்தமான ஆவியில், கிருமி நீக்கித்தான் வைத்தார்கள். தோட்டத்து இலையில் மண், பறவை எச்சம், பூச்சி எல்லாம் இருக்கும், இட்லிப் பானை ஆவியில் கிருமி முழுதாகப் போகாது. அதனால் வீட்டில் திறந்த புண்ணின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு முதுகிலோ தொடையிலோ கட்டு இருக்கிறது, படுக்கை விரிப்பு உராய்கிறது, வெக்கை தாங்கவில்லை என்றால், இளம் இலையை நன்றாகக் கழுவித் துடைத்து விரிப்பின் மேல் போட்டு, கட்டோடு அதன் மேல் படுக்கவையுங்கள். வாடிய இலையை உடனே மாற்றிவிடுங்கள்.

வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பவை

பற்பசை. அதில் இருக்கும் புதினாச் சத்து குளிர்ச்சி மாதிரி ஒரு உணர்வைத்தான் தருகிறது, தோலின் சூடு ஒரு டிகிரிகூட இறங்குவதில்லை. தலைவலித் தைலம், நீலகிரித் தைலம், கற்பூரம் எல்லாம் இதே கதை, குழந்தைக்குக் கற்பூரம் விஷமும்கூட. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் மரத்துப்போகச் செய்கிறதே என்று தீக்காயத்தில் வைத்தால் அது தோலையே இன்னும் பொசுக்கும். இங்க், காபித்தூள், மஞ்சள்தூள் மூன்றும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடும், டாக்டர் ஆழம் பார்க்க அந்த நிறமும் தெரிய வேண்டும். இட்லி மாவு புளித்தது, அதாவது கிருமிகள் வளர்ந்தது. முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான் ஆபத்து. வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் முதல் நாளில் சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும்.

சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காய் எண்ணெயும் கலந்து அடித்த வெள்ளைக் குழம்பு பற்றிப் பலரும் கேட்பார்கள். பழைய மருந்துதான், வெளிநாட்டிலும் சுண்ணாம்பு நீரோடு ஆளி விதை எண்ணெய் கலந்து ஒரு காலத்தில் போட்டார்கள். ஆனால் தெளிவு சரியாக இறங்காமல் சுண்ணாம்புத் துகள் கலந்துவிட்டால் காரம் புண்ணை அரித்துவிடும், கண்ணளவில் செய்யும் வேலை இது இல்லை. சித்த மருத்துவத்தில் தீப்புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெய் போன்ற மருந்துகள் உண்டு, அவற்றைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் காயத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. மத்தன் தைலம் மாதிரி ஊமத்தை இலை சேர்ந்தவற்றை நீங்களாக வாங்கிப் பூசவே கூடாது.

வெள்ளை சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைச் சின்னக் காயத்துக்கெல்லாம் அப்பத் தேவையில்லை, ஆறுவதைத் தாமதப்படுத்துவதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைகளுக்கு அது ஆகாது.

கட்டு மாற்றும் நேரம்

வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தினசரிப் போராட்டம். கட்டு மாற்றுவதற்கு 45 நிமிஷம் முன்னால் டாக்டர் சொன்ன வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள், மாற்றிய பிறகு கொடுத்துப் பயனில்லை. ஃபேனை நிறுத்துங்கள். புதுக் கட்டுக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் பழையதைத் தொட வேண்டும், காயம் திறந்து கிடக்கும் நேரம் குறையும். ஒட்டியிருக்கும் இடத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் என்ற கிருமி நீக்கிய உப்பு நீரை ஊற்றி ஐந்து பத்து நிமிஷம் ஊறவிடுங்கள், தானாக விட்டுக் கொடுக்கும். முடிந்தால் நோயாளியே தன் கையால் பிரிக்கட்டும், அடுத்தவர் கை எப்போது இழுக்குமோ என்ற பயமே பாதி வலி. குழந்தைக்கு அந்த நேரத்தில் ஃபோனில் பிடித்த விளையாட்டைக் கொடுத்தால் தப்பே இல்லை. ஈரானில் பன்னீர் ரோஜாத் தைலத்தின் வாசனையை முகரவைத்துப் பார்த்தபோது கட்டு மாற்றும் வலி குறைந்ததாக ஆய்வு உண்டு. முகர மட்டும்தான், காயத்தில் விடுவதற்கு இல்லை. அடியில் நேரடியாக வைப்பது பாரஃபின் தடவிய காஸாக இருக்கட்டும். அடிக்கடி மாற்றுவதே தாங்கவில்லை என்றால் கொலாஜன் என்ற புரதத்தால் செய்த மெல்லிய பட்டை பற்றி டாக்டரைக் கேளுங்கள். அது காயத்தின் மேல் ஒட்டி நரம்பு நுனிகளை மூடிவிடும், தானாக உரிந்து விழும்வரை எடுக்க வேண்டியதில்லை.

நாற்றம், சீழ், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று கூடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் எல்லா மூலிகையையும் நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தோல் மூடிய பிறகு

இப்போதுதான் தேங்காய் எண்ணெயின் நேரம் வருகிறது. புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு இல்லாமல் வறண்டு, ராத்திரியில் தூங்க முடியாத அளவுக்கு அரிக்கும், சிலருக்கு வலியைவிட இந்த அரிப்பு பெரிய சித்திரவதை. சொறிந்தால் மறுபடி உடைந்துவிடும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயை ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, விரல் நுனியால் வட்டமாக அழுத்தித் தடவுங்கள். வல்லாரைச் சாறு சேர்ந்த க்ரீம்களும் தழும்புக்குக் கிடைக்கின்றன, தோல் முழுதாக மூடியிருந்தால் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் அடங்காத அரிப்புக்கு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புதுத்தோலில் வெயில் பட்டால் கறுத்துவிடும், முழுக்கைச் சட்டை போட்டு ஒரு வருஷமாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

விரல், முழங்கை, கழுத்து மாதிரி மடங்கும் இடத்தில் பட்டிருந்தால் எண்ணெய் தடவிய கையோடு தினமும் நீட்டி மடக்கும் பயிற்சியும் வேண்டும். தழும்பு இழுக்கும், வலிக்கும். வலிக்கிறதே என்று மடக்கியே வைத்துவிட்டால் தோல் அப்படியே சுருங்கி, பிறகு அறுவை செய்துதான் விரிக்க வேண்டிவரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு செய்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும், எனக்கு அப்படித்தான் மணிக்கட்டு முழுசாகத் திரும்பியது.